நண்பன் வீட்டு கராஜ் பிளக்

வணக்கம். ஜூலையில் நானும் மனைவியும் 28 அடி மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நியூ ஜெர்சியிலிருந்து ஹூஸ்டன் வரை ஐ-95, ஐ-85 நெடுஞ்சாலைகள் வழியாகப் போகிறோம். ரிச்மண்ட், சார்லட், அட்லாண்டா என்று வழியெல்லாம் கல்லூரி நண்பர்கள். சிலரைப் பார்த்து 30 வருஷம் ஆகிறது. சொல்லாமல் போய் நிற்கப் போகிறேன். அவர்கள் டிரைவ்வேயில் வண்டியை நிறுத்தி, கராஜ் பிளக்கில் கரண்ட் எடுத்துக்கொள்ளலாம்தானே? ராத்திரி வீட்டுக்குள் படுப்பதா, வண்டியிலேயே படுப்பதா என்று எங்களுக்குள் வாக்குவாதம். நீங்கள் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

30 வருஷம் கழித்தும் தேடிப்போய்ப் பார்க்க நாலு பேர் இருக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம். கட்டாயம் போங்கள். ஆனால் ‘சொல்லாமல் போய் நிற்கப் போகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. காரில் போகிறவர் அப்படிப் போகலாம். 28 அடி நீளமும் ஏறக்குறைய 11 அடி உயரமும் உள்ள வண்டியோடு போகக் கூடாது. டிரைவ்வேக்குக் குறுக்கே தொங்கும் கேபிள், கூரை ஏசியை உரசும் கிளை, தெருவிலிருந்து ஏறும் இடத்தின் சரிவு எல்லாம் நண்பர் எடுத்தனுப்பும் நாலு போட்டோவில் தெரிந்துவிடும். பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, நீங்கள் இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் வீசும். பக்கத்து வீட்டுத் தபால்பெட்டி சாய்வது அப்படித்தான். பல குடியிருப்புச் சங்கங்கள் ராத்திரியில் ஆர்வி (மோட்டார் ஹோம் போன்ற வண்டி) நிறுத்தவே விடுவதில்லை; அபராதக் கடிதம் உங்களுக்கு வராது, அவருக்குத்தான் வரும். இன்றைக்கே போன் பண்ணுங்கள்.

வழியைப் பற்றி ஒன்றே ஒன்று. பால்டிமோரில் ஐ-95 சுரங்கப்பாதைக்குள் போகிறது. மோட்டார் ஹோமில் இருக்கும் அளவுக்கு புரோப்பேன் கேஸை அதற்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. ஐ-895 சுரங்கத்திலும் அதே விதி. முன்பு ஐ-695இன் கிழக்குப் பக்கப் பாலத்தில் போவார்கள். அது 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டது. 695இல் மேற்குப் பக்கமாகச் சுற்றி மறுபடி 95ஐப் பிடியுங்கள்.

கழிவுத் தொட்டிகளை நண்பர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே டம்ப் ஸ்டேஷனில் காலி செய்துவிடுங்கள். முதலில் பிளாக் (கழிவறைத் தொட்டி), பிறகு கிரே (சிங்க், குளியல் தண்ணீர்த் தொட்டி). சோப்புத் தண்ணீர்தானே என்று அவர் புல்தரையில் திறந்துவிடாதீர்கள்.

இனி கரண்ட். இதை ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். ஏனென்றால் எல்லோருமே உங்களைப் போலப் போகிற போக்கில்தான் கேட்கிறார்கள்.

அந்த அளவு வண்டி பெரும்பாலும் 30 ஆம்ப்ஸ், 120 வோல்ட் இணைப்புக்குச் செய்தது. அதாவது 3600 வாட். கராஜ் பாயின்ட் பெரும்பாலும் 15 ஆம்ப்ஸ், 1800 வாட். பாதிதான். அதிலும் மணிக்கணக்கில் ஓடும் சுமை என்றால் 80 சதவீதம், அதாவது 12 ஆம்ப்ஸ்தான் கணக்கு. கூரை மேல் இருக்கும் 13,500 பிடியு ஏசி ஒன்று மட்டுமே 12 முதல் 14 ஆம்ப்ஸ் இழுக்கும். வெயில் ஏற ஏற இன்னும் கூடும். பேட்டரி சார்ஜர் தனி. பெரும்பாலும் அதே சர்க்யூட்டில் நண்பரின் இரண்டாவது ஃபிரிட்ஜும் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் விற்கும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், கரண்டைக் கூட்டாது.

பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றால் பிழைத்தீர்கள். விழாமல் ஓடுவதுதான் ஆபத்து. கராஜில் தொங்கும் ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயர் பல வீடுகளில் 16 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிசு). அது 100 அடி என்றால், போக வர 200 அடி கம்பி, 0.8 ஓம் தடை. 13 ஆம்ப்ஸ் போனால் 10 வோல்ட்டுக்கு மேல் அந்த வயரிலேயே தீர்ந்துவிடும். சுமார் 135 வாட் சூடாக மாறும். சுருட்டியபடியே போட்டிருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். பிரேக்கருக்கு இது தெரியாது, அதன் கணக்கில் 13 ஆம்ப்ஸ் சாதாரணம். வோல்டேஜ் குறைந்தால் ஏசி கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் திணறி இன்னும் அதிகமாக இழுக்கும், சுருள் எரியும். 25 அடி, 10 கேஜ் வயர் ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். முழுக்கப் பிரித்துப் போடுங்கள். 20 நிமிஷம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பாயின்ட்டின் பிடி தளர்ந்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

வாட்டர் ஹீட்டர் புரோப்பேனில் ஓடட்டும். கரண்ட், புரோப்பேன் இரண்டிலும் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் அதையும் புரோப்பேனுக்கு மாற்றுங்கள். அந்த வகை ஃபிரிட்ஜுக்கு வண்டி மட்டமாக நிற்பதும் அவசியம். இவ்வளவும் செய்தால் பேட்டரி சார்ஜ், விளக்கு, போன் எல்லாவற்றுக்கும் கராஜ் பிளக் தாராளம். ஏசிக்கு மட்டும் இல்லை. எனவே ஜூலை வெக்கையில் வீட்டுக்குள் படுப்பதுதான் சரி. உங்கள் மனைவி எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. ஜெனரேட்டரைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தூங்கும்போது அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

இன்னொன்று. நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் யாராவது ஒரு நண்பர் ஆசையாக எலக்ட்ரீஷியனை வரவழைத்து, ‘உனக்காக 30 ஆம்ப் பாயின்ட் போட்டுவிட்டேன்’ என்பார். அந்த அன்பைக் கொண்டாடுங்கள்; ஆனால் உடனே மாட்டாதீர்கள். துணி டிரையருக்கான 30 ஆம்ப் பாயின்ட் 240 வோல்ட். ஆர்வியின் டிடி-30 பாயின்ட்டும் பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆர்வி பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் அதற்கும் 240 கொடுத்துவிடுவதுண்டு. மாட்டிய நொடியில் மைக்ரோவேவ், சார்ஜர், டிவி எல்லாம் போய்விடும். மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட (AC) வோல்ட்டில் வைத்து முதலில் பாருங்கள்: ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, ஹாட்டுக்கும் கிரவுண்டுக்கும் 120, நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் கிட்டத்தட்ட 0. எங்காவது 240 காட்டினால் பிளக்கைக் கீழே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிடுங்கள். ஒற்றை பிரேக்கர், 120 வோல்ட், 10 கேஜ் வயர் என்று எலக்ட்ரீஷியனிடம் வேலைக்கு முன்பே எழுதிக் கொடுக்கும்படி நண்பரிடம் சொல்லிவிடுங்கள். ஹூஸ்டன் நண்பரிடம் முதலில் பேசுங்கள், அங்கேதான் அதிக நாள் தங்கப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.