கோழி தின்பவர் ஜல்லிக்கட்டை எதிர்க்கலாமா?

தாராளமாக எதிர்க்கலாம். ஆனால் "சாப்பாடு தேவை, ஜல்லிக்கட்டு வெறும் வேடிக்கை" என்ற வழக்கமான பதில் போதாது. 2014-இல் ஜல்லிக்கட்டைத் தடை செய்த உச்ச நீதிமன்றம், அதை மீண்டும் நடத்தத் தமிழக அரசு 2017-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2023-இல் ஏற்றுக்கொண்டது. இப்போது திமிலைத்தான் அணையலாம், வாலைப் பிடிக்கக் கூடாது.

சரி, பிராய்லர் கோழி? ஏறக்குறைய ஆறு வாரத்தில் கறிக்கடைக்கு வந்துவிடும். உடம்பு ஏறும் வேகத்துக்குக் கால் தாங்காமல் நொண்டுவதும் உண்டு. கடையில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தராசில் போடுவார்கள். காளைக்கோ வாடிவாசலில் சில நிமிட மிரட்சி. மற்ற நாளெல்லாம் பருத்திக்கொட்டை, நீச்சல் என்று ராஜ கவனிப்பு. துன்பத்தை அளந்தால் என் கணக்கில் கோழிதான் முதலில் வரும். அதற்காகக் களத்தில் மாடும் ஆளும் சாவது நியாயமாகிவிடாது.