விம் உரைத் தொகுப்பானில் தேடல் பாதையை அமைப்பது எப்படி?

தெம்பனீஸில் துணைப்பாட நிலையம் நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: “லினக்ஸ் கணினியில் விம் பயன்படுத்துகிறேன். பயிற்சித் தாள்கள் எல்லாம் ‘பாடங்கள்’ கோப்புறைக்குள் நிலைவாரியாக உள்ளன. ‘ஃபைண்ட்’ ஆணையுடன் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது பாதையில் இல்லை என்று 345ஆம் எண் பிழைச்செய்தி வருகிறது. என்ன செய்வது?”

உங்கள் கோப்புறை, விம் தேடிப் பார்க்கும் இடங்களின் பட்டியலில் இல்லாததே காரணம். ‘பாத்’ எனப்படும் அந்தப் பட்டியலில் லினக்ஸில் இயல்பாக மூன்று இடங்களே உண்டு: திறந்திருக்கும் கோப்பு அமைந்த கோப்புறை (இதை ஒற்றைப் புள்ளி குறிக்கும்), சி மொழியின் தலைப்புக் கோப்புகளுக்கான பொதுக் கோப்புறை, நடப்புக் கோப்புறை. இவற்றில் எதிலும் விம் தானாக உட்கோப்புறைகளுக்குள் இறங்கித் தேடாது.

இறங்கித் தேட வைப்பவை இரட்டை உடுக்குறிகள். பலர் ‘**’ என்பதை மட்டும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இதை நான் பரிந்துரைப்பதில்லை. அது நடப்புக் கோப்புறையிலிருந்து தேடத் தொடங்குவதால், விம்மை முகப்புக் கோப்புறையில் திறந்த நாளில் கணினியில் உள்ள உங்கள் கோப்புகள் அத்தனையையும் துழாவிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, முகப்புக் கோப்புறையில் உள்ள விம்ஆர்சி (.vimrc) எனும் அமைப்புக் கோப்பில், ‘செட் பாத்+=~/பாடங்கள்/**’ என்ற பொருளில் அமையும் ஒரு வரியை எழுதுங்கள்; ‘செட்’, ‘பாத்’ ஆகியவற்றை ஆங்கிலத்திலும் கோப்புறையின் பெயரைக் கணினியில் உள்ளபடியேயும் தட்டச்சு செய்ய வேண்டும். கூட்டல் குறியை விட்டுவிட்டால் முன்பிருந்த மூன்று இடங்களும் அழிந்து, புதியது மட்டுமே எஞ்சும்.

கோப்பின் பெயர்மீது இடங்காட்டியை (கர்சர்) வைத்து ‘ஜிஎஃப்’ விசைகளை அழுத்தினால் அக்கோப்பு திறக்கும் வசதியும் இதே பட்டியலைத்தான் நம்பியிருக்கிறது. தமிழ் எழுத்துகளில் அமைந்த பெயர்களை அது தடையின்றி ஏற்கும். ஆனால், இடைவெளி வந்தால் அங்கேயே பெயர் முடிந்துவிட்டதாகக் கொள்ளும். ‘தொடக்கநிலை 5’ என்ற பெயரில் ‘தொடக்கநிலை’யோடு நின்றுவிடும் என்பதால், ‘தொடக்கநிலை-5’ என்று இடைக்கோடிட்டுப் பெயரிடுவது நல்லது. பழைய பெயர்களை மாற்ற இயலாவிட்டால், முழுப் பெயரையும் தேர்ந்தெடுத்துவிட்டு ‘ஜிஎஃப்’ அழுத்துங்கள்.

ஒவ்வொரு நிலைக்கும் ‘விடைகள்’ என்று ஒரே பெயரில் கோப்பு இருந்தால், விம் முதலில் கண்டதையே திறக்கும். ‘ஃபைண்ட்’ ஆணைக்கு முன் 2 என்று இட்டால் இரண்டாவது பொருத்தம் திறக்கும். ஆனால், எது எத்தனையாவது என்று நினைவில் வைத்திருப்பது கடினமாதலால், பெயர்களையே வேறுபடுத்துவது உங்களுக்குப் பின் அந்தக் கணினியில் அமரும் ஆசிரியருக்கும் உதவும்.

மாற்றியபின் ‘செட் பாத்?’ என்று கேள்விக்குறியுடன் ஆணையிட்டால் இப்போதைய பட்டியல் தெரியும். நீங்கள் எழுதியது அதில் இல்லையெனில் முன்னால் ‘வெர்போஸ்’ சேர்த்துக் கேளுங்கள். எந்தக் கோப்பு அதைக் கடைசியாக மாற்றியது என்பதையும் விம் காட்டிவிடும்.