காலநிலை மாற்றத்தை விளையாட்டின் மூலம் கற்பிப்பது என்றால் என்ன? அது ஏன் பலன் தருகிறது?

பாடத்தைச் சொல்லி முடிப்பதற்குப் பதிலாக, முடிவெடுக்கும் பொறுப்பை மாணவர்களிடமே கொடுத்து, அதன் விளைவை அவர்களே காணும்படி செய்வதுதான் இது. அட்டை, பலகை, கணினி என எந்த வடிவிலும் இருக்கலாம்.

காலநிலை மாற்றத்தைப் புரிந்துகொள்ளக் கடினமாக்குவது, செயலுக்கும் விளைவுக்கும் இடையிலான தாமதம். குழாய் திறந்திருக்கும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைப் பாதி மூடினாலும், வடிவதைவிட விழும் நீர் அதிகமாக இருக்கும்வரை மட்டம் உயர்ந்துகொண்டேதான் இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் அப்படித்தான்: 1958இல் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு; இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. உமிழ்வைக் கொஞ்சம் குறைத்தாலே போதும் என்று நம்பும் மாணவர், பல பத்தாண்டுகளை ஒரே அமர்வில் ஆடிப் பார்க்கும்போது அந்த நம்பிக்கையைத் தானே கைவிடுகிறார். விரிவுரையில் இது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை.

பிரான்சில் 2015இல் உருவான 'கிளைமேட் ஃப்ரெஸ்க்' நல்ல எடுத்துக்காட்டு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளை அடிப்படையாகக் கொண்ட 42 அட்டைகளைக் காரணம், விளைவு என்ற வரிசையில் குழுவாக அடுக்க வேண்டும். எந்த அட்டை எங்கே என்று எழும் வாக்குவாதம்தான் அதன் உயிர். ஆடி முடித்தபின் பேச நேரம் ஒதுக்காத ஆசிரியர் பாதிப் பயனை இழக்கிறார் என்பேன்.

ஆட்டத்தில் தோற்றால் பூமிக்கும் அதே கதிதான் என்று சிலர் கலங்குகிறார்கள். ஆட்டத்தின் முடிவு முன்கணிப்பு அல்ல, அந்தச் சுற்றில் எடுத்த முடிவுகளின் விளைவு மட்டுமே.