நிரம்பிப் பறந்தும் நஷ்டம் ஏன்?

கேள்வி: எப்போது பார்த்தாலும் விமானத்தில் இடமில்லை என்கிறார்கள். அப்புறம் எப்படி விமான நிறுவனங்கள் திவாலாகின்றன?

பதில்: இருக்கை நிரம்புவது ஒரு கணக்கு, பணம் மிஞ்சுவது வேறு கணக்கு. 180 இருக்கை கொண்ட விமானம் ஒன்று. எரிபொருள், குத்தகை, சம்பளம், விமான நிலையக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு நடைக்கு ஆகும் செலவு 150 டிக்கெட் பணம் என்று வைத்துக்கொள்வோம். 151-வது ஆள் ஏறினால்தான் லாபம். போட்டிக்காரர் குறைத்தார் என்று நீங்களும் விலையை 10 சதவீதம் குறைத்தால், அதே செலவை எடுக்க 167 பேர் தேவை. மிச்சம் 13 இருக்கைதான் பிழைப்பு. மூடுபனியில் நான்கு நடை ரத்தானால் அதுவும் போச்சு. நல்ல ஆண்டிலும் இந்தத் தொழிலின் நிகர லாபம் உலக அளவில் நூற்றுக்கு மூன்று, நான்கைத் தாண்டுவது அபூர்வம்.

மொத்தச் செலவில் ஏறக்குறைய கால் பங்கு எரிபொருள். எரிபொருள் விலையும் குத்தகையும் பெரும்பாலும் டாலர் கணக்கில்தான், டிக்கெட்டோ பெரும்பாலும் உள்ளூர்ப் பணத்தில் விற்கிறது. நாணயம் சரிந்தால், எண்ணெய் விலை அசையாமலே செலவு ஏறிவிடும். எரிபொருள் விலையை முன்கூட்டியே பூட்டிவைக்கும் ஒப்பந்தமும் இருமுனைக் கத்திதான். அமெரிக்க விமான நிறுவனமான சவுத்வெஸ்ட் 2000-களில் அதனால் பெரும் பணம் மிச்சம் பிடித்தது. எண்ணெய் விலை சரிந்தபோது ஹாங்காங் நிறுவனமான கத்தே பசிபிக் அதே வழியில் பெருநஷ்டம் கண்டது. சவுத்வெஸ்ட்டும் 2025-இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டது.

கேள்வி: டிக்கெட் மலிவு, பெட்டிக்குத் தனிக் காசு. இது ஏமாற்று இல்லையா?

பதில்: மொத்தத் தொகையைக் கடைசிப் பக்கம் வரை மறைத்தால் ஏமாற்று, முதலிலேயே காட்டினால் வியாபாரம். விலைப்பட்டியலில் மேலே வர அடிப்படைக் கட்டணம் குறைவாக இருந்தாக வேண்டும், அதனால் எல்லாவற்றையும் பிரித்துவிட்டார்கள். அமெரிக்காவில் இன்னொரு காரணமும் உண்டு: உள்நாட்டு டிக்கெட்டுக்கு 7.5 சதவீத வரி, பெட்டிக் கட்டணத்துக்கு அது இல்லை. இரண்டு பெட்டி இலவசம் என்பதையே விளம்பரமாக வைத்திருந்த சவுத்வெஸ்ட்கூட 2025 மே மாதத்தோடு அதை நிறுத்திவிட்டது.

இதில் ஒரு வினை இருக்கிறது. காசு கட்டப் பிடிக்காதவர்கள் எல்லாவற்றையும் கைப்பையாக உள்ளே கொண்டுவருகிறார்கள். இருக்கைக்கு மேலே பை வைக்கும் அறை நிரம்பி, நடைபாதையில் வரிசை நின்று, புறப்பாடு தாமதமாகிறது. ஒரு நாளில் ஆறு நடை போகும் விமானம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 20 நிமிடம் மிச்சம் பிடித்தால் இன்னொரு குறுகிய நடைக்கு நேரம் கிடைக்கும். மலிவு விமானத்தின் உயிர் அந்த நிமிடங்களில்தான். பெரிய நிறுவனங்களும் பெட்டியில்லா மலிவு டிக்கெட்டை விற்கத் தொடங்கியபின் அமெரிக்க மலிவு நிறுவனமான ஸ்பிரிட் போன்றவை திணறின. ஸ்பிரிட் 2024 நவம்பரிலும் 2025 ஆகஸ்டிலும் திவால் மனு கொடுத்தது.

கேள்வி: ஏர்பஸ் ஏ380 போன்ற மாபெரும் விமானத்தைத் தயாரிப்பதை ஏன் நிறுத்தினார்கள்?

பதில்: நான்கு எஞ்சின், 500 பேர், தினமும் நிரப்ப முடிந்த தடங்கள் சிலவே. 251 விமானங்களோடு 2021-இல் தயாரிப்பு முடிந்தது. ஏறக்குறைய 8,700 கி.மீ. பறக்கும் இரட்டை எஞ்சின் ஏ321எக்ஸ்எல்ஆர் 2024-இல் சேவைக்கு வந்துவிட்டது. பெரிய மையத்தில் விமானம் மாறாமல், நடுத்தர ஊரிலிருந்து நடுத்தர ஊருக்கு நேரே போகலாம், பாதி நிரம்பினாலும் இழப்பு சிறியது. இறங்கும் நேர ஒதுக்கீடு கிடைக்காத லண்டன் ஹீத்ரோ போன்ற விமான நிலையங்களில் ஏ380-க்கு இன்னும் மவுசு.

கேள்வி: புது விமானங்கள் பறக்காமல் நிற்கின்றனவாமே?

பதில்: ஆமாம். புது விமானங்கள் பலவற்றில் உள்ள பிராட் அண்ட் விட்னி நிறுவன எஞ்சினின் சில பாகங்களுக்கான உலோகத் தூளில் மாசு இருந்தது 2023-இல் வெளிவந்தது. இறக்கையிலிருந்து எஞ்சினைக் கழற்றித்தான் சோதிக்க முடியும். பட்டறையில் இடம் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். நிற்கும் விமானத்துக்கும் குத்தகை ஓடும். அதனால் பழைய விமானங்களின் குத்தகையை நீட்டுகிறார்கள், இல்லையேல் விமானி, பணியாளர், பராமரிப்பு, காப்பீட்டோடு விமானத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். அதிலும் எரிபொருள் செலவு வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான்.