பித்தப்பைக் கல் குடலை அடைக்குமா? கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. குடலடைப்பு என்று சேர்த்தோம். சிடி ஸ்கேன் பார்த்துவிட்டுப் பித்தப்பைக் கல்தான் காரணம் என்கிறார்கள். கல் குடலுக்குள் எப்படிப் போகும் டாக்டர்?

பதில்: பித்தநாளம் வழியாக அல்ல, அவ்வளவு பெரிய கல் அதில் நுழையாது. அடிக்கடி அழற்சி கண்ட பித்தப்பை, பக்கத்திலிருக்கும் டியோடினத்தோடு (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) ஒட்டிக்கொள்ளும். கல் அழுத்த அழுத்த இரண்டு சுவரும் அரித்து ஓட்டை விழும். அப்படி இறங்கும் கல் 2.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மாட்டிக்கொள்ளும். குடல் குறுகலான இடம் அது. ஸ்கேனில் பித்தநாளத்தில் காற்று, வீங்கிய சிறுகுடல், இடம் மாறிய கல் ஆகிய மூன்றும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். முன்பு ஈஆர்சிபி (எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்தில் செய்யும் சிகிச்சை) செய்தவர்களுக்கும் பித்தநாளத்தில் காற்று தெரியும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

கேள்வி: ஆபரேஷனில் கல்லோடு பித்தப்பையையும் எடுத்துவிடலாமே?

பதில்: வயதானவருக்கு, அதுவும் அவசர ஆபரேஷனில், வேண்டாம் என்பேன். முதலில் மூக்கு வழிக் குழாய் போட்டு வயிற்றைக் காலிசெய்து, டிரிப்ஸ் ஏற்றி, பொட்டாசியத்தைச் சரிசெய்ய வேண்டும். கல் மாட்டிய இடத்திலேயே குடலை வெட்டக்கூடாது, சுவர் நைந்திருக்கும். கல்லை விரலால் மெல்ல மேலே தள்ளி, நல்ல பகுதியில் நீளவாக்கில் வெட்டி எடுத்து, குறுக்குவாக்கில் தைக்க வேண்டும். நீளவாக்கிலேயே தைத்தால் குடல் குறுகிவிடும். எடுத்த கல்லின் ஒரு பக்கம் பட்டை தீட்டியதுபோல் தட்டையாக இருந்தால் இன்னொரு கல் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். சிறுகுடல் முழுவதையும் தடவிப் பார்க்காமல் வயிற்றை மூடினால் மறுபடி அடைப்பு வரலாம். பித்தப்பையையும் ஓட்டையையும், தொல்லை தந்தால், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு மஞ்சள் காமாலை. எம்ஆர்சிபியில் (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) ‘மிரிசி’ என்று வந்திருக்கிறது. லேப்ராஸ்கோப்பி போதாதா சார்?

பதில்: பித்தப்பைக் கழுத்தில் சிக்கிய கல், பக்கத்தில் கல்லீரலிலிருந்து பித்தம் கொண்டுவரும் நாளத்தை அழுத்துகிறது என்று பொருள். அழற்சியில் எல்லாம் ஒட்டிக் கிடப்பதால் பித்தநாளத்தையே பித்தப்பைக் குழாய் என்று நினைத்து வெட்டிவிடும் ஆபத்து உண்டு. வெறும் அழுத்தம் மட்டும் என்றால் பித்தப்பையைத் திறந்து கல்லை எடுத்து, கழுத்துச் சுவரில் கொஞ்சம் விட்டுவிட்டு மற்றதை அகற்றுவதே பாதுகாப்பு. அனுபவமுள்ளவர் லேப்ராஸ்கோப்பியிலேயே முடிப்பார். நாளம் பெரிதாக அரித்திருந்தால் சிறுகுடலை மேலே இழுத்து நாளத்தோடு இணைக்க வேண்டும். எடுத்த திசுவைக் கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். புற்றுநோயும் இதேபோல் தோற்றம் காட்டும்.

கேள்வி: கல் டியோடினத்திலேயே நின்றுவிட்டால்?

பதில்: இரைப்பை வீங்கி ஓயாத வாந்தி வரும். பூவரே சிண்ட்ரோம் என்பார்கள். முதலில் எண்டோஸ்கோப்பி வழியாக உடைத்து எடுக்கப் பார்ப்பார்கள். நழுவும் துண்டு கீழே போய்க் குடலை அடைக்கலாம். முடியாவிட்டால் கல்லை இரைப்பைக்குள் தள்ளி, இரைப்பையைத் திறந்து எடுப்பது நல்லது. அழற்சி கண்ட டியோடினத்தில் போட்ட தையல் எளிதில் கசியும்.