ஆகஸ்டில் இலங்கை போகிறோம். யானை பார்க்க எந்தத் தேசியப் பூங்கா நல்லது?

ஆகஸ்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், மின்னேரியா போங்கள். மகாசேன மன்னன் கட்டிய பெரிய குளம் அங்கே இருக்கிறது. வறண்ட மாதங்களில் நீர் இறங்க இறங்க, வெளிப்படும் சேற்று நிலத்தில் இளம்புல் முளைக்கும். சுற்றுக்காடு காய்ந்து கிடக்கும்போது தண்ணீரும் தீனியும் ஒரே இடத்தில் கிடைப்பதால், யானைகள் குட்டிகளோடு நூற்றுக்கணக்கில் வந்து கூடும்.

குளத்தில் நீர் ஏறியிருந்தால் புல் மூழ்கிவிடும். யானைகள் பக்கத்துக் கவுடுல்ல பூங்காவுக்கு நகர்ந்துவிடலாம். அதனால் அன்றைய நிலவரத்தை ஜீப் ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு, பிற்பகல் 3 மணிவாக்கில் கிளம்புங்கள். ஒன்று மட்டும்: குட்டியோடு நிற்கும் கூட்டத்தை ஜீப் நெருங்க விடாதீர்கள். ஜீப்புகள் வழிமறிப்பதைப் பார்த்தாலே எனக்கு மனசு பதறும்.

சிறுத்தை பார்க்க ஆசை என்றால் யால தேசியப் பூங்கா போங்கள்.