சீ ஹாக் யாரைச் சுட்டு வீழ்த்தியது?

அன்புள்ள சார்,

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்திலிருந்து பறந்த சீ ஹாக் போர் விமானங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் ஓவர் என்று பட்டது. கிழக்கு பாகிஸ்தானில் இருந்ததே ஒரேயொரு சேபர் போர் விமானப் பிரிவு (ஸ்குவாட்ரன்), அதுவும் டாக்காவில். எதிர்த்துப் பறக்க ஆளில்லாத இடத்தில் குண்டு போட்டுவிட்டு வருவது என்ன பெரிய வீரம்? ஒரு எதிரி விமானத்தையாவது வீழ்த்தியதா?

— ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை, ஒன்றைக்கூட வீழ்த்தவில்லை. சேபரோடு நேருக்கு நேர் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கும் வயிற்றைக் கலக்கும். சீ ஹாக்கில் ரேடாரும் கிடையாது, ஏவுகணையும் கிடையாது, நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், குண்டுகள், ராக்கெட்டுகள், அவ்வளவுதான். 1971-லேயே அது பழைய விமானம். அதில் கணிசமானவை ஜெர்மன் கடற்படை ஓட்டிவிட்டுக் கழித்தவை, செகண்ட் ஹேண்டில் நமக்கு வந்தவை. (அதே ஜெர்மனி கழித்த 90 சேபர்கள் ஈரான் வழியாக பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தது தனிக் கூத்து.)

ஆனால் சண்டை என்றால் ஆகாயத்தில் துரத்திச் சுடுவது மட்டும்தானா? இவர்கள் பறந்த நிலைமையைப் பாருங்கள். விக்ராந்தை ஓட்டும் நீராவியைத் தரும் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். கப்பல் முழு வேகத்தில் ஓட முடியாது. இதில் என்ன என்று தோன்றும். விமானந்தாங்கிக் கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால்தான் அந்தக் குட்டித் தளத்திலிருந்து விமானம் பத்திரமாக எழும்ப முடியும், திரும்பி வந்து வாலில் உள்ள கொக்கியால் கம்பியைப் பிடித்து நிற்கவும் முடியும். காற்றில்லாத நாளில் வேகமும் இல்லாவிட்டால் ரொம்பக் கஷ்டம். போதாததற்கு சீ ஹாக்குக்கு ஒற்றை எஞ்சின், நின்றுவிட்டால் கீழே கடல்தான். 1965-இல் கப்பல் பம்பாயில் பழுதுபார்ப்பில் கிடக்க, அதை மூழ்கடித்துவிட்டதாக பாகிஸ்தான் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. அந்த எரிச்சலும் விக்ராந்த்காரர்களுக்குள் இருந்திருக்கும் என்பது என் ஊகம். விரிசலோடு போருக்கு அனுப்பலாம் என்று துணிந்தவர்களில் முக்கியமானவர் கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவில்காரர்.

டிசம்பர் 4 காலையில் எட்டு சீ ஹாக்குகள் கிழக்கு பாகிஸ்தான் கரையோரத்தில் உள்ள காக்ஸ் பஜார் விமானத்தளத்தைத் தாக்கின. அன்றைக்கே சிட்டகாங். அப்புறம் குல்னா, மோங்லா என்று நாள்தோறும் ஓடுதளம், எண்ணெய்க் கிடங்கு, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள். எதிர்ப்பே இல்லை என்பது சரியில்லை, கீழேயிருந்து விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சுட்டுக்கொண்டுதான் இருந்தன, அடிவாங்கித் திரும்பிய விமானங்களும் உண்டு. திரும்பாதது ஒன்றும் இல்லை. முன்னின்று தாக்கிய லெப்டினன்ட் கமாண்டர் எஸ். கே. குப்தாவுக்கு போர்க்கால வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது கிடைத்தது.

இதற்கெல்லாம் பலன் என்ன என்று கேட்டால், கிழக்கு பாகிஸ்தானின் வரைபடத்தைப் பாருங்கள். மூன்று பக்கமும் கிட்டத்தட்ட இந்தியா, தெற்கே வங்காள விரிகுடா. உள்ளே இருந்த பாகிஸ்தான் படைக்கு ஆளோ தளவாடமோ வந்து சேரவும், நிலைமை கைமீறினால் தப்பிக்கவும் கடல்தான் பெரிய கதவு. அதைச் சாத்தும் வேலையில் சீ ஹாக்குக்குப் பெரிய பங்கு. டிசம்பர் 16-ல் சரணடைந்த சுமார் 93,000 பேரைத் தரைப்படைதான் மடக்கியது, அதை நான் மறுக்கவில்லை.

என் கட்டுரையில் ஒரு குறை இருந்தது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. ரேடார் இல்லாத சீ ஹாக் பகலில்தான் தாக்கப் போகும். இருட்டியதும் அதே கப்பலிலிருந்து கிளம்பிப்போய் குண்டு போட்டது பிரெஞ்சுக்காரர்கள் செய்த அலிசே, நீர்மூழ்கி தேடும் மெதுவான விசிறி விமானம். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டேன். திட்டுவதென்றால் அதற்குத் திட்டுங்கள்.